குளத்தங்கரை மேல்காற்றுக்கு ஒரு சின்ன கிளைடர்: மூன்று விதம் பறக்கவிட்டுப் பார்த்ததில்

சரிவுக் காற்றில் ரிமோட் கிளைடர் விடக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இணையக் கடையைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது இரண்டு மீட்டர் இறக்கை, மூக்கில் மோட்டார், வெள்ளை நுரை உடம்பு கொண்ட ஒன்று. "புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்றது" என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. எந்த ஊரில் கற்பவருக்கு என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவில், ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றில், சீமைக்கருவேல் முளைத்த குளத்தங்கரையில் நின்று கற்கப் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது வேறு. மோட்டார் கிடையாது, வால் கிடையாது, முனைக்கு முனை 90 சென்டிமீட்டர், இபிபி என்ற அமுங்கி எழும் நுரையில் செய்த வெறும் இறக்கை. பறக்கத் தயாரானதும் எடை 240 கிராம் பக்கம் வரும்.

காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். காற்றை மீட்டர் கணக்கில் பேசிப் பழகிவிட்டது. விநாடிக்கு மூன்று நான்கு மீட்டர் வந்தால் எங்கள் மெஷின் சுற்றத் தொடங்கும், 25 வந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். இந்தக் கட்டுரையிலும் அதே கணக்கில்தான் சொல்லப் போகிறேன். கிலோமீட்டரில் வேண்டுமென்றால் 3.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கிளைடரைப் பற்றிப் பேசுமுன் இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இடம்தான் கிளைடரைத் தேர்ந்தெடுக்கிறது. சரிவில் கிளைடர் பறப்பதன் சூத்திரம் எளிது. காற்று ஒரு சரிவில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். அது ஏறுகிற வேகம் கிளைடர் இறங்குகிற வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை கிளைடர் கீழே வராது. இரண்டடி நகர்ந்தால் ஓரடி ஏறுகிற கரையில் ஏழு மீட்டர் காற்று மோதினால், சரிவை ஒட்டிய இடத்தில் கணக்குப்படி மூன்று மீட்டர் வேகத்தில் மேலே போகும். நிஜத்தில் புல்லும் கல்லும் தடுத்துக் கொஞ்சம் குறையும். சின்ன நுரைக் கிளைடர் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்கும். ஆகவே மிச்சம் நிறைய இருக்கிறது.

அந்தச் சரிவுக்கு எங்கே போவது? மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது, ஆனால் அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் காப்புக்காடும். அங்கே பேச்சே இல்லை. ஊர்ப் பொத்தைகள் (சின்னக் குன்றுகள்) சில நன்றாக இருக்கும், ஆனால் உச்சி முழுக்கப் பாறை. கற்கிற காலத்தில் கிளைடரை எங்கே இறக்குவது? அப்படிப் பார்த்தால் நமக்கு இருக்கிற பெரிய சொத்து குளத்தங்கரை. நம் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் அதற்கு மேற்கே. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற காற்று, வறண்ட குளத்தின் சமதரை மீது தடையில்லாமல் ஓடிவந்து நேராகக் கரையின் உள்முகத்தில் ஏறுகிறது. காற்று வரும் வழியில் மேடோ தோப்போ இருந்தால் சுழல் விழும். குளத்துக்குள் அது இல்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் கார் பருவத்துக்குத் தண்ணீர் நிற்கும். நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளங்கள் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். கற்பவருக்கு அவைதான் பள்ளிக்கூடம்.

ஆனால் இந்தச் சரிவுக்கு ஒரு குணம் உண்டு. உயரம் நாலைந்து மீட்டர்தான். அதனால் மேலேறும் காற்றுப் பட்டையும் குறுகலானது. கரைக்கு முன்னால் சில மீட்டர், கரைக்கு மேலே ஏறத்தாழ இன்னொரு கரை உயரம், அவ்வளவே. அந்தப் பட்டைக்குள்ளேயே திரும்ப முடிகிற கிளைடர் நிலைக்கும், முடியாதது வெளியே போய்க் குளத்துக்குள் இறங்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான், விற்பவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

நான் மூன்று விதங்களை இதே கரையில் பறக்கவிட்டிருக்கிறேன். இரண்டு மீட்டர் மோட்டார் கிளைடர் வள்ளியூரில் இருக்கும் நண்பருடையது. இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது ராடியன். இரண்டு மீட்டர் இறக்கை, இடம் வலம் திருப்பச் சுக்கான், மூக்கை ஏற்றி இறக்க ஏற்றி, மோட்டார் என்று மூன்றே கட்டுப்பாடு. அமைதியான காலையில் வெப்பக் காற்று தேடிப் பறக்க இந்த வகைக்கு ஈடு இல்லை. மாசி பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு மேல், உழுத செவற்காட்டு மேல் விட்டால், மோட்டாரை அணைத்துவிட்டு நிதானமாக வட்டமடித்துக்கொண்டே இருக்கலாம். ஆடி மாதக் கரையில் அதே கிளைடர் திணறுகிறது. இறக்கை இருபுறமும் மேல்நோக்கி வளைந்திருப்பது, கையை விட்டாலும் தானே சமநிலைக்கு வருவதற்காக. அதே வளைவால்தான் பக்கக் காற்று தட்டும்போதெல்லாம் சாய்கிறது. திரும்ப எடுக்கும் வட்டம் கரையின் காற்றுப் பட்டையைவிடப் பெரியது. எட்டு மீட்டர் காற்றில் முன்னால் நகரவே மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது. மோட்டார் போட்டுப் பறந்தால் சரிவுக் காற்றைப் படிக்கக் கற்க மாட்டீர்கள், அந்தக் காற்றைக் கைக்குள் உணர்வதுதான் இந்தக் கலையே. இன்னொன்று, மூக்கில் ப்ரொப்பெல்லரும் மோட்டாரும் இருப்பதால் மூக்கு குத்தினால் செலவு. நண்பருடையதன் மூக்கு பிளந்து, மோட்டார் தாங்கி தனியாக வந்தது. அந்த நுரை இபிஓ வகை, விறைப்பானது, அழகாக வார்க்கலாம், ஆனால் அடிபட்டால் பிளக்கும்.

இரண்டாவது, துபாயில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த குட்டிக் கிளைடர். யூஎம்எக்ஸ் ராடியன் என்கிற அந்த வகை 73 சென்டிமீட்டர் அகலம், 43 கிராம் எடை. உள்ளங்கையில் வைத்தால் இருக்கிறதா என்று தெரியாது. செய்நேர்த்தி அருமை. பள்ளிக்கூட மைதானத்தில், மாலை காற்று அடங்கிய பிறகு, ரசித்து ரசித்து விடலாம். சரிவுக் காற்றுக்கு அது செய்யப்படவே இல்லை, அதனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேல்காற்றில் விட்டால் பின்னோக்கித்தான் போகும்.

சரி, மூன்றாவதுக்கு வருகிறேன்.

இபிபி என்பது விரிந்த பாலிப்ரொப்பிலீன் நுரை. காரின் பம்பருக்குள் அடி தாங்க வைப்பது இதைத்தான். அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும். தெர்மகோல் மேல் ஃபெவிகுவிக் பட்டால் கரைந்து குழியாகும், இபிபி கரையாது, ஒட்டும். 1990-களில் அமெரிக்காவில் ஸாகி என்ற 48 அங்குல நுரை இறக்கை வந்தபோது சரிவில் பறப்பவர்கள் அதை ஒன்றோடொன்று மோதவிட்டே விளையாடினார்கள். மோதி விழுந்ததை எடுத்துத் திரும்ப எறிவார்கள். அந்த வம்சத்தின் சின்ன உருப்படிதான் நான் சொல்வது. இதே 90 சென்டிமீட்டர் அளவில் மைக்கேல் ரிக்டர் வடிவமைத்த அலூலா வெளிநாட்டில் பேர்பெற்றது, பருந்தைப் போல வளைந்த இறக்கை, பார்க்கவே கண்கொள்ளாது. அது கிடைத்தால் வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது நம் நாட்டிலேயே ஒருவர் வெட்டி விற்கும் சாதாரண முக்கோண இறக்கை கிட். கரையில் கற்க இது போதும்.

பெட்டியைத் திறந்தால் இரண்டு இறக்கைத் துண்டுகள், நடுவே கோக்க கார்பன் குழாய், பின் ஓரத்துக்கு பால்சா கட்டையில் இரண்டு எலிவான்கள் (ஏற்றி இறக்கவும் சாய்த்துத் திருப்பவும் மேலும் கீழும் அசைகிற பலகைகள்), ஓரத்தில் நிற்க இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், ஒரு பை நிறையக் கம்பியும், கம்பியை எலிவானோடு பிணைக்கும் ஹார்ன் என்கிற சின்னத் தகடும். வெட்டு சுத்தமாக இருந்தது, இரண்டு இறக்கையும் ஒரே எடை, முறுக்கு இல்லை. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். முறுக்கு இருந்தால் எவ்வளவு ட்ரிம் செய்தாலும், அதாவது நடுநிலையைச் சரிக்கட்டினாலும், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் கிட் வந்ததும் இரண்டு இறக்கையையும் மேசையில் படுக்கவைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். குறை என்று சொன்னால் இரண்டு. செய்முறைத் தாள் அரைப் பக்கம்தான், ஈர்ப்பு மையம் எங்கே என்பது அதில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதை முதல் வரியில் பெரிதாகப் போட வேண்டாமா? அடுத்தது ஹார்ன். நொறுங்குகிற பிளாஸ்டிக். நான் காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டி, சூடான ஊசியால் துளையிட்டு வைத்தேன். அது இன்றுவரை நிற்கிறது.

கட்டும் வேலையில் ஒரே ஓர் இடத்தில் மெனக்கெடுங்கள்: முன் ஓரம். பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ பேக்கிங் சாமான் விற்கும் கடையில் கண்ணாடி நார் ஓடுகிற டேப் கிடைக்கும். அதை முன் ஓரம் முழுக்க, மேலே பாதி கீழே பாதி வருமாறு, இழுத்து ஒட்டாமல் படியவைத்து ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் நுரை வளையும். அதன்மேல் கலர் டேப். இந்த நார் டேப் இல்லாத இபிபி முள்ளில் உரசினால் பொட்டுப் பொட்டாகப் பிய்யும். டேப் இருந்தால் முள் வழுக்கிக்கொண்டு போகும், அல்லது குத்தி நிற்கும். குத்தி நின்ற முள்ளை வந்த வழியே நேராக உருவிவிட்டால் துளை தானே மூடிக்கொள்ளும். சீமைக்கருவேல் முள்ளை நான் அதிலிருந்து உருவாத வாரம் இல்லை, இறக்கையின் வடிவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சூட்டுப் பசையை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகிவிடும். கார்பன் குழாயை ரப்பர் பசையால்தான் ஒட்ட வேண்டும்.

நிறத்துக்கும் காரணம் உண்டு. ஆடி வானம் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும். அடிப்பக்கம் கறுப்புப் பட்டைகள் போட்டால் வானத்தில் தெரியும். மேல்பக்கம் பளிச்சென்ற ஆரஞ்சு போட்டால் முள்ளுக்குள் தெரியும்.

ரேடியோவுக்கு, அதாவது கையில் பிடிக்கும் ரிமோட்டுக்கு, ஃப்ளைஸ்கை எஃப்எஸ் ஐ6 போதும். ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், ஏற்றி இறக்குவதையும் திருப்புவதையும் சேர்த்து எலிவானுக்கு அனுப்பும் கலவை அதிலேயே இருக்கிறது. நான்கு பென்சில் செல்லில் ஓடும், ஊரில் எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். எலிவானை அசைக்க 9 கிராம் சர்வோ (சின்ன இயக்கி) இரண்டு. விமானத்துக்குள் லித்தியம் பேட்டரி போடாதீர்கள் என்பது என் யோசனை. மோட்டார் இல்லாததால் அவ்வளவு சக்தி தேவையே இல்லை. மறுமுறை சார்ஜ் செய்கிற சின்ன நிக்கல் செல் நான்கை வரிசையில் கோத்தால் 4.8 வோல்ட், ஐம்பது கிராம். அந்த எடை எப்படியும் மூக்கில் வேண்டும். லித்தியத்தின் எடை குறைவு, அதைப் போட்டால் மூக்கில் ஈயம் வேறு சேர்க்க வேண்டிவரும். எல்லாம் சேர்த்து, ரேடியோவோடு, எனக்குப் பத்தாயிரத்தை ஒட்டி ஆனது. அதில் பாதி ரேடியோவுக்குப் போனது, அது அடுத்த விமானத்துக்கும் வரும்.

வாலில்லாத இறக்கைக்கு உயிர்நாடி ஈர்ப்பு மையம். குறித்த இடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் வந்தால் சற்று வேகமாக, முரட்டுத்தனமாகப் பறக்கும், அது பரவாயில்லை. பின்னால் போனால் யார் கையிலும் நிற்காது. இரண்டு பக்கமும் குறித்த புள்ளியில் விரல் வைத்துத் தூக்குங்கள், மூக்கு ஒரு நூல் கீழே சாய வேண்டும். எலிவான் இரண்டும் நடுநிலையிலேயே இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கி இருக்கட்டும், வாலின் வேலையை அதுதான் செய்கிறது. எறிவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்று பாருங்கள். ரேடியோவின் குச்சியை இழுத்தால் இரண்டும் மேலே, வலப்பக்கம் தள்ளினால் வலது எலிவான் மேலே. இதைச் சத்தமாகச் சொல்லியே பார்க்க வேண்டும் என்று அக்கா மகனுக்குப் பழக்கியிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், இந்தக் கிளைடரில்தான் கற்றான்.

அவன் கற்ற விதம்தான் இந்தப் பொருளுக்கு நான் தரும் உண்மையான மதிப்பெண். கரை உச்சியில் மேற்கே பார்த்து நின்று, மூக்கை அடிவானத்துக்கு ஒரு பொட்டு கீழே வைத்து, நேராக ஈட்டி எறிவதுபோல் விட வேண்டும். மேலே பார்த்து எறியக் கூடாது. விட்டதும் முதலில் நேராகக் குளத்தின் மேல் போகவிட்டு, பிறகு இடமோ வலமோ கரைக்கு இணையாகத் திருப்பி, கரையோடு ஓட்டி, முனையில் மறுபடி காற்றைப் பார்த்துத் திருப்பி வர வேண்டும். ஒரு திருப்பம்கூடக் கரையைப் பார்த்து இருக்கக் கூடாது. கரையைப் பார்த்துத் திருப்பினால் பின்காற்று சேர்ந்து, கண் இமைக்குமுன் கரையைத் தாண்டிப் பின்பக்கம் போய்விடும். அங்கே காற்று சுருண்டு கீழே இறங்கும், கிளைடரும் அதோடு இறங்கும். இது தெரிந்தும் கை கேட்காது. அவனும் திருப்பினான். கிளைடர் கரைக்குப் பின்னால் முள்ளுக்குள் தலைகுப்புறப் போனது.

"மாமா, மூக்கு அமுங்கிட்டுல்லா!" என்று ஓடினான்.

"அமுங்குனா எழும்பிக்கிடும். எடுத்துட்டு வால, அடுத்து எங்க திருப்பணும்னு சொல்லு பாப்போம்."

எடுத்து வந்தபோது மூக்கில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி எழும்பிவிட்டது. இரண்டு மீட்டர் கிளைடராக இருந்தால் அன்றைய வகுப்பு அங்கேயே முடிந்து, பசையும் பட்டறையும் என்று போயிருக்கும். இங்கே அடுத்த நிமிடம் திரும்ப எறிந்தான். கற்பவருக்கு வேண்டியது அடுத்த எறிதல்தான், அதை இந்த நுரை தருகிறது. பையனுக்குப் பயம் போனது இதனால்தான், பயம் போன பிறகுதான் கை நிதானமானது.

நாங்கள் கரையில் நின்ற இடமும் ஒருவர் காட்டியதுதான். குளத்துக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பருந்துக்கு வெளாட்டுக் காட்டுதியளா?" என்று கேட்டார். ஆமாம் தாத்தா என்றேன். "அப்ப அந்த மடைக்குத் தெக்க போய் நில்லுங்க. காத்து அங்கதான் நேரா ஏறும். பருந்தும் அங்கதான் நிக்கும்." கரை அந்த இடத்தில் லேசாக வளைந்து தென்மேற்கைப் பார்க்கிறது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதிலிருந்து புதிய கரைக்குப் போனால் முதலில் பருந்தைத் தேடுகிறேன், அப்புறம்தான் காற்றுமானியை எடுக்கிறேன்.

காற்று எவ்வளவு இருந்தால் இந்தக் கிளைடர்? நான்கு மீட்டருக்குக் கீழே இந்தக் கரை தாங்காது, கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஐந்து முதல் எட்டு வரை சொர்க்கம். கற்பவருக்கு இதுதான் எல்லை. எட்டுக்கு மேல் கிளைடர் முன்னேறத் திணறும், அப்போது எடை சேர்க்க வேண்டும். எடை கூடினால் வேகம் கூடும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எடையை ஈர்ப்பு மையத்தின் மேலேயே வைக்க வேண்டும், மூக்கிலோ பின்னாலோ வைக்கக் கூடாது. உவரிப் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடையில் வலையில் கோக்கும் ஈயக் குண்டு கிடைக்கும். ஐம்பது கிராம் எடுத்துச் சின்னக் குழி வெட்டிப் பதித்து டேப் போட்டால் பதினோரு மீட்டர் வரை சமாளிக்கிறது. எடை சேர்த்த கிளைடர் இறங்கும்போதும் வேகமாகத்தான் வரும், கை பழகாதவர்கள் அதற்கு அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டுக்கு மேல் நானே விடுவதில்லை. எங்கள் பக்கம் ஆடியில் மதியம் அதைத் தாண்டிவிடும், அதுவும் விட்டுவிட்டு அடிக்கும். மாலை ஐந்துக்கு மேல் போனால் வெயிலின் குதிப்பு அடங்கி, காற்று ஒரே சீராக இருக்கும்.

இறக்குவதுதான் கடைசிப் பாடம். பெரிய மலைகளில் பறப்பவர்கள் உச்சிக்குப் பின்னால் சமதரையில் இறக்குவார்கள். நம் கரையின் பின்னால் சுழலும் வயலும் தென்னையும். ஆகவே முன்பக்கமே இறக்கிவிட வேண்டும். கரையோடு தாழ ஓட்டி, கடைசியில் காற்றைப் பார்த்துத் திருப்பி, குச்சியை மெதுவாக இழுத்து வேகத்தைக் குறைத்தால், உள்முகப் புல்லிலோ குளத்துத் தரையிலோ வயிறு பதிய உட்காரும். உள்முகத்தில் கல் பதித்த கரையாக இருந்தால் குளத்துக்குள்ளேயே இறக்குங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலும் விட்டிருக்கிறேன். இறக்க மெத்தென்று இருக்கும், ஆனால் அந்தச் செம்மணல் சர்வோ பல்லுக்குள் போய்விடுகிறது. தேரிக்குப் போவதாக இருந்தால் சர்வோ மேல் டேப்பைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள்.

இனி, எங்கே விடக் கூடாது என்பது. நம் மாவட்டத்தில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இந்தச் சுற்று வட்டாரத்திலேயே இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ளவை நானோ வகை, அவற்றுக்குப் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. மேலே சொன்ன ஐம்பது கிராம் ஈயத்தைச் சேர்த்தால் இந்தக் கிளைடர் அந்த அளவைத் தாண்டிவிடும், அதையும் நினைவில் வையுங்கள். ஆனால் எடை குறைவு என்பதால் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலத்தில் விடலாம் என்று அர்த்தமில்லை. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் குளம் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். கரையில் யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் நின்று பொறுமையாகக் காட்டி விளக்குங்கள், கேட்பது அவர்கள் உரிமை. கூந்தன்குளம் போலப் பறவை கூடு கட்டும் குளங்கள் பக்கம் போகவே வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருவதை நாம் கலைக்கக் கூடாது. வல்லநாடு வெளிமான் சரணாலயக் குன்றும் அப்படியே. மீன் குத்தகைக்கு விட்ட குளமென்றால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள்.

காற்றாலை அருகிலும் வேண்டாம், இதை என் தொழில் அறிவில் சொல்கிறேன். சுற்றுகிற இறக்கைக்குப் பின்னால் வெகுதூரம் காற்று கலங்கிக் கிடக்கும், அதில் 240 கிராம் நிற்காது. அங்கே போகும் மின்கம்பி வேறு. கம்பியில் கிளைடர் மாட்டினால் கம்பு எடுத்துத் தட்டாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் விமானத்துக்காக யாரும் கம்பியைத் தொடக் கூடாது.

யாருக்கு இந்தக் கிளைடர் ஒத்துவராது என்றும் சொல்ல வேண்டும். கட்டும் வேலையில் பொறுமை இல்லாதவருக்கு வேண்டாம், இது இரண்டு மூன்று சாயங்காலம் கேட்கும். பக்கத்தில் கரையோ பொத்தையோ இல்லாமல் வெறும் மைதானம் மட்டும் உள்ளவருக்கும் வேண்டாம், எறிந்த உடன் இறங்கிவிடும். அவர்களுக்கு அந்த இரண்டு மீட்டர் மோட்டார் கிளைடர்தான் சரி. ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கிவிட்டால் நம் குளங்களில் தண்ணீர் வந்துவிடும், காற்றும் எதிர்த்திசையிலிருந்து வரும். அந்த மாதங்களில் இது ஆணியில் தொங்கும். வருடம் முழுக்கப் பறக்க ஒன்றே ஒன்று வேண்டும் என்பவர் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அந்த ஓய்வு மாதங்கள் பிரச்சினை இல்லை, காற்றாலைப் பராமரிப்பும் அப்போதுதான் குவியும். ஆர்டர் செய்பவர்கள் சித்திரையிலேயே செய்துவிடுங்கள். பார்சல் வந்து, கட்டி, ஈர்ப்பு மையம் பார்த்து முடிக்கவும் வைகாசிக் கடைசியில் மேல்காற்று நிலைக்கவும் சரியாக இருக்கும். கூடவே ஹார்ன் ஒரு செட், சர்வோ ஒன்று உபரியாக வாங்கி வையுங்கள். பால்சா எலிவானுக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை எலிவான் கேட்டால் அந்த விற்பனையாளரே மாற்றித் தருகிறார், கூடுதல் காசு கேட்பதில்லை. முள்ளுக் காட்டுக்கு அதுதான் நல்லது.